மைனஸ் எஃப் உங்களுக்கு எதுக்கு?



போன எபிசோடில் டெர்மினல் பற்றிக் கதைத்தபோது ஆர்எம் கட்டளையை ஒரு நிமிஷத்தில் தாண்டிப் போய்விட்டோம். "ஃபைலை அழிக்கும், கவனம்" எண்டு சொன்னதோடு சரி. பிறகு வந்த மெசேஜ்களில் பாதி அதைப் பற்றித்தான். யூனியில் முதலாம் வருஷம் படிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருந்தா: "அண்ணா, எல்லாரும் ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் எண்டுதான் அடிக்கினம். ஆர் விளங்குது. அந்த எஃப் எதுக்கு?"

நல்ல கேள்வி. பத்து வருஷமாக சேர்வர்களோடு மாரடிக்கிற ஆட்களிடம் கேட்டாலும் "ஃபோர்ஸ்" எண்டுதான் சொல்லுவார்கள், அதற்கு மேலே பதில் வராது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

(கட்டளைகளை நாங்கள் வாயால் சொல்வது போலவே இங்கேயும் எழுதுகிறேன். கீபோர்டில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.)

என் கருத்தை முதலே சொல்லிவிடுகிறேன். அந்த எஃப்பை உங்கள் விரலிலிருந்து கழற்றுங்கள். ஆனால் அதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஃபைலுக்கும் "அழிக்கவா?" எண்டு கேட்கிற செட்டிங்கைப் போட்டால் தப்பலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். ஆர்எம்மைக் கண்டு பயப்பட ஒன்றும் இல்லை. ஒரே ஒரு கொப்பி மட்டும் இருக்கிற ஃபைலைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

2003 இல், சமாதான காலத்தில், ஏ9 பாதை திறந்த பிறகு ஈஸ்ட்ஹாமில் இருக்கிற என் மாமா ஊருக்குப் போனார். கரவெட்டியில் அம்மம்மாவை ஹண்டிகாமில் எடுத்தார். கிணத்தடி, குசினி, முத்தம், அம்மம்மா யாரையோ ஏசுகிறா, பிறகு கமராவைக் கண்டு சிரிக்கிறா. நாற்பது நிமிஷம். திரும்பி வந்து அதை ஒரு வீஎச்எஸ் கசற்றில் போட்டு அம்மாவிடம் கொடுத்தார். ஹண்டிகாம் டேப்புக்கு மேலேயே பிறகு மச்சாளின் சாமத்திய வீட்டை எடுத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் முதல் ஆர்எம் அதுதான், கொம்பியூட்டரே இல்லாமல்.

2020 லொக்டவுனில் பிளேஸ்டோ வீட்டு லொஃப்டைத் துப்புரவாக்கியபோது அந்தக் கசற் வந்தது. ஓரத்தில் பூஞ்சணம். ஒரு யூஎஸ்பி கப்சர் ஸ்டிக் வாங்கி, பழைய பிளேயரில் போட்டு லப்டொப்பில் ஏற்றினேன். முதல் தடவை ஓடியோ வயரைச் சரியாகக் குத்தவில்லை, படம் வந்தது, சத்தம் இல்லை. இரண்டாவது தடவை எல்லாம் சரி. நல்லதை "அம்மம்மா" என்ற ஃபோல்டரில் போட்டேன். சத்தம் இல்லாததை "அம்மம்மா பழசு" என்ற ஃபோல்டரில் போட்டேன். கசற்றைக் குப்பையில் போட்டோம். அதுதான் கொம்பியூட்டரில் இருக்கே!

இரண்டு வருஷத்துக்கு முதல், ஒரு ஞாயிறு பின்னேரம், லப்டொப்பில் இடம் முடிந்துபோச்சு. வேலைக்கு ஒரு பெரிய டேட்டாபேஸ் இறக்க வேணும். பழைய வீடியோவைத் தூக்குவோம் எண்டு நினைத்து அடித்தேன்: ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் அம்மம்மா பழசு.

பெயரைச் சுற்றி மேற்கோள் குறி போடவில்லை. ஷெல்லுக்கு இடைவெளி எண்டால் ஒரு சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்குகிறது எண்டு அர்த்தம். நான் ஒரு ஃபோல்டரின் பெயரைச் சொன்னதாக நினைத்தேன். அதற்குக் கேட்டது இரண்டு பெயர்: "அம்மம்மா", "பழசு". முதலாவது இருந்தது, அழித்தது. இரண்டாவது எண்டு ஒன்று இல்லவே இல்லை. எஃப் போடாமல் இருந்திருந்தால் "பழசு எண்டு ஒரு ஃபைலும் இல்லை" எண்டு ஒரு வரியாவது சொல்லியிருக்கும். எஃப்பின் வேலையே அதுதான்: கேள்வி கேட்காதே, இல்லாத பெயரைச் சொன்னாலும் முறைப்பாடு செய்யாதே. அது கூடப் பலம் கொடுக்கிற பட்டன் இல்லை, வாயைப் பொத்துகிற பட்டன். ஆர்எம் ஒன்றும் சொல்லவில்லை. இடமும் நினைத்த அளவுக்கு வந்தது, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சைஸ்தானே. லப்டொப்பை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

செவ்வாய்க்கிழமை அம்மம்மாவின் திவசம். அம்மா சொன்னா, "தம்பி, அந்த வீடியோவை ஒருக்கா டிவியில போடு." போட்டேன். படம் வந்தது. சத்தம் வரவில்லை.

"வயர் பிழை போல, பிறகு பாக்கிறன்" எண்டு சொல்லிவிட்டு மேலே ஓடினேன். நான் முதல் தடவை பிழையாக எடுத்ததுதான் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. பழசு தப்பிவிட்டது.

திருப்பி எடுக்க முடியாதா எண்டு கேட்பீர்கள். அதற்கு, ஆர்எம் உண்மையில் என்ன செய்கிறது எண்டு பார்க்க வேணும். உங்கள் அம்மா அப்பா ஊரில் படித்த பள்ளிக்கூடத்தில் இடாப்பு எண்டு ஒன்று இருக்கும், வரவு பதிகிற புத்தகம். லினக்ஸில் ஒரு ஃபோல்டர் எண்டால் அப்படி ஒரு இடாப்புத்தான்: இந்தப் பெயர், இந்த இலக்கம். அந்த இலக்கத்துக்கு ஐநோட் எண்டு பெயர், ஃபைலின் தரவு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது எண்டு அதற்குத்தான் தெரியும். ஆர்எம் இடாப்பில் பெயரை வெட்டுகிறது, அவ்வளவுதான். அதே ஐநோட்டுக்கு வேறு பெயர் எங்கேயாவது இருந்தால் ஃபைல் சாகாது. ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்திருந்தாலும் சாகாது. அப்படி இரண்டும் இல்லை எண்டால், அந்தக் கதிரை வெறுமை, யாரும் வந்து இருக்கலாம் எண்டு குறித்துவிடும். புதிய ஆள் வந்து இருக்கும் வரைக்கும் பழைய ஆள் அங்கேயேதான் இருக்கிறார்.

ஆகையால் உடனே தெரிந்தால், உடனே மெஷினை நிறுத்தினால், ஃபோட்டோரெக் போன்ற ஒரு கருவியால் ஏதாவது கிடைக்கச் சாத்தியம் உண்டு. எனக்கு உடனே தெரியவில்லை. என்னுடையது எஸ்எஸ்டி. உபுண்டுவில் எஃப்எஸ்ட்ரிம் எண்டு ஒரு வேலை வாரத்துக்கு ஒருமுறை, வழக்கமாகத் திங்கள் தொடங்கும் நடுச்சாமத்தில் ஓடும். எந்தெந்தக் கதிரைகள் வெறுமையோ அவற்றையெல்லாம் உண்மையாகவே துடைத்துவிடு எண்டு டிஸ்க்குக்குச் சொல்கிற வேலை அது. ஞாயிறு பின்னேரம் அழித்தேன். திங்கள் துடைத்தது. செவ்வாய் தேடினேன். நாலு இரவு தேடியும் ஒரு நிமிஷ வீடியோ கூட வரவில்லை.

அந்த ஒரு வரி எச்சரிக்கையை ஞாயிறே கண்டிருந்தால் பவர் பட்டனை அழுத்தியிருப்பேன். முழுசாகக் கிடைத்திருக்கும் எண்டு சொல்லமாட்டேன். தேடுவதற்காவது ஏதோ இருந்திருக்கும்.

ஒரு இடைவெளியால் போனவன் நான் மட்டும் இல்லை. 2011 இல் பம்பிள்பீ எண்ட லினக்ஸ் கிராஃபிக்ஸ் புரொஜெக்ட்டின் இன்ஸ்டோல் ஸ்கிரிப்டில், யூஎஸ்ஆருக்குக் கீழே இருக்கிற ஒரு சின்ன ஃபோல்டரை அழிக்கிற வரி. யூஎஸ்ஆருக்குப் பிறகு தவறி ஒரு இடைவெளி விழுந்தது. யூஎஸ்ஆர் முழுக்கப் போனது. 2015 இல் லினக்ஸுக்கான ஸ்டீமில், ஃபோல்டரின் பாதையை வைத்திருக்க வேண்டிய வேரியபிள் வெறுமையானால், அதற்குப் பிறகு இருந்த ஸ்லாஷும் ஸ்டாரும் மட்டும் மிஞ்சி, மெஷினின் மேல் மட்டத்திலிருந்தே அழிக்கத் தொடங்கியது. அந்த வரிக்கு மேலே அதை எழுதியவரே "பயமாக இருக்கு" எண்ட கருத்தில் ஒரு கொமென்ட் போட்டிருந்தார். பயமாக இருந்தது, ஆனாலும் அனுப்பிவிட்டார். இந்த இரண்டு வரியிலும் எஃப் இருந்தது.

"அப்ப ஒவ்வொருமுறையும் கேக்கச் சொன்னால் என்ன?" இதைத்தான் சீனியர் ஆட்கள் புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்லுவார்கள்: ஆர்எம்முக்கு மைனஸ் சின்ன ஐ போட்டு ஏலியஸ் செய்துவிடு. ரெட்ஹாட் மெஷின்களில் ரூட்டுக்கு அது ஏற்கெனவே போட்டிருக்கும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. நானூறு ஃபைலுக்கு நானூறு தடவை கேட்டால் நாலாவதிலேயே வாசிப்பதை விட்டுவிடுவீர்கள். வை, என்டர், வை, என்டர். பிறகு அந்தத் தொல்லையை நிறுத்த யாராவது ஒரு வழி சொல்லுவார்கள். அந்த வழிதான் எஃப். கிட்டின் ஒப்ஜெக்ட் ஃபைல்கள் எல்லாம் ரீட்-ஒன்லியாக இருப்பதால் ஒரு ரெப்போவை வெறும் மைனஸ் ஆரால் அழித்தால் ஒவ்வொன்றுக்கும் கேட்கும், அந்த எரிச்சலில் எஃப் போடப் பழகிய டெவலப்பர்கள்தான் நாங்கள் அரைவாசிப் பேர். கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் எங்களுக்கு எஃப்பைப் பழக்கினார்கள். இன்னொன்று: ஏலியஸ் இருக்கிற மெஷினில் பழகியவர் அது இல்லாத மெஷினுக்குப் போய், "கேட்கும்தானே" எண்ட நம்பிக்கையில் அடிப்பார். கேட்காது.

பெரிய ஐ வேறு விஷயம். மைனஸ் பெரிய ஐ போட்டால், மூன்றுக்கு மேற்பட்ட ஃபைல் எண்டாலோ, ஃபோல்டரோடு அழிக்கப் போகிறாய் எண்டாலோ, ஒரே ஒரு தடவை கேட்கும். எனக்கு அது என்ன கேட்டிருக்கும் தெரியுமா? "2 பெயர்களையும் உள்ளே இருப்பவற்றோடு அழிக்கவா?" இரண்டா? நான் ஒன்றுதானே சொன்னேன்? அந்த "2" ஒன்றே காணும், அம்மம்மாவின் சத்தம் இருந்திருக்கும். ஒரு தடவை கேட்கிற கேள்வியை ஆட்கள் வாசிப்பார்கள்.

இன்னும் மலிவான வழி: அழிக்க முதல் அதே பெயரை எல்எஸ்ஸுக்குக் கொடுத்துப் பாருங்கள். அது என்னத்தைக் காட்டுகிறதோ அதைத்தான் ஆர்எம் அழிக்கும். பெயரை முழுக்க அடிக்காமல் டாப் பட்டனைத் தட்டுங்கள், இடைவெளிக்கு முன்னால் ஒரு பக்ஸ்லாஷை அதுவே போட்டுக்கொள்ளும். வெறும் ஃபோல்டரை எடுக்க ஆர்எம்டிர் எண்டு ஒரு சாதுவான கட்டளை இருக்கு, உள்ளே ஏதாவது இருந்தால் மாட்டேன் எண்டு நிற்கும். ஏன் ஒருவரும் அதைப் பாவிப்பதில்லை எண்டு எனக்கு விளங்குவதே இல்லை.

இவ்வளவும் சொன்னாலும், கவனம் எண்டது ஒரு அளவுக்குத்தான். 2017 ஜனவரி 31 இரவு கிட்லாப்பில் நடந்ததை வாசித்துப் பாருங்கள், அவர்களே முழுக்க எழுதி வெளியிட்டார்கள். நெடுநேரம் வேலை செய்து களைத்த ஒரு எஞ்சினியர், இரண்டாவது டேட்டாபேஸ் சேர்வரில் ஒரு ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து முதலாவதில் அழித்தார். ஒரு ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். ஏறக்குறைய 300 ஜிபியில் மிச்சம் 4.5 ஜிபி. அவர் கவலையீனமான ஆள் இல்லை. சரியான கட்டளை, சரியான ஃபோல்டர், பிழையான மெஷின். எந்த ஐயும் அவரைக் காப்பாற்றியிருக்காது, கேட்டிருந்தால் "ஓம்" எண்டுதான் சொல்லியிருப்பார்.

உண்மையான பயங்கரம் பிறகுதான். பக்கப்பைத் தேடினார்கள். தினமும் ஓட வேண்டிய டேட்டாபேஸ் பக்கப், வேர்ஷன் பொருந்தாமல் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றால் போக வேண்டிய ஈமெயிலும் வழியிலேயே தடுக்கப்பட்டு ஒருவருக்கும் போகவில்லை. கடைசியில் காப்பாற்றியது, ஆறு மணித்தியாலத்துக்கு முதல் அதே எஞ்சினியர் வேறு ஒரு தேவைக்காகக் கையால் எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷொட். அந்த ஆறு மணித்தியாலத் தரவு மட்டும் போனது. மீட்கிற வேலையை யூடியூப்பில் நேரலையாகக் காட்டினார்கள், பிழை விட்டவரின் பெயரைச் சொல்லவில்லை. அந்த நாகரிகம் எனக்குப் பிடிக்கும்.

எங்கள் துறையில் நேர்மாறான பழக்கமும் இருக்கு. புதுசாக வருகிற பிள்ளைக்கு "மெஷின் ஸ்லோவா? ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் ஸ்லாஷ் அடி" எண்டு பகிடிக்குச் சொல்வது. இப்போதைய லினக்ஸ் வெறும் ஸ்லாஷை மறுக்கும்தான், ஆனால் ஸ்லாஷ் ஸ்டாரை மறுக்காது, ஏன் எண்டால் அந்த ஸ்டாரை ஆர்எம் காணவே காணாது, ஷெல் முதலே விரித்துக் கொடுத்துவிடும். இந்தப் பகிடி விடுகிறவர்களோடு நான் தேத்தண்ணி குடிப்பதில்லை.

"பழசு" எண்டு பெயர் வைத்ததுதான் என் முதல் பிழை எண்டு இப்போது நினைக்கிறேன். கொன்ட்ராக்ட் வேலையில் என்னை அடிக்கடி கூப்பிடுவதே துப்புரவாக்கத்தான்: இந்த சேர்வரில் பழைய சாமான் இருக்கு, தூக்கிவிடு. யாருக்குப் பழசு? 2010 அக்டோபரில், குரொய்டனில் ஒரு கட்டடத்தை மூடும்போது, ஹோம் ஒஃபிஸ் பழைய லாண்டிங் கார்டுகளை அழித்தது. கரிபியனில் இருந்து 1950, 60களில் வந்தவர்கள் எப்போது இறங்கினார்கள் எண்டதற்கான பதிவு. வைத்திருக்கத் தேவையில்லாத சாமான் எண்டு கணக்கு. பிறகு அதே ஆட்களிடம், "நீங்கள் எப்ப வந்தனீங்கள், காட்டுங்கோ" எண்டு அதே அமைச்சு கேட்டது. விண்ட்ரஷ் விவகாரத்தில் இது 2018 இல்தான் வெளியே வந்தது. உங்கள் அப்பாவின் ஹோம் ஒஃபிஸ் கடிதங்களை ஸ்கான் பண்ணி "ஓல்ட் டொக்ஸ்" எண்ட ஃபோல்டரில் போட்டிருப்பீர்கள் எண்டால், முதலில் அந்தப் பெயரை மாற்றுங்கள்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எல்லாத்துக்கும் உதாரணமாக இழுப்பது எனக்கு விருப்பமில்லை. அது கைதவறின பிழை இல்லை, எரித்தது. ஆனால் கொப்பி பற்றிக் கதைக்கும்போது அதைத் தாண்டிப் போகவும் முடியாது. 1981 இல் கிட்டத்தட்ட 97,000 நூல்கள் அங்கே எரிந்தன. இன்னொரு பிரதி எங்கேயோ ஒரு வீட்டு அலுமாரியில் இருந்த புத்தகம் அழியவில்லை. இல்லாதது அழிந்தது. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் அப்படிச் சிதறிக் கிடந்த புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் தேடி ஸ்கான் பண்ணி எவரும் இறக்கக்கூடியதாக வைத்திருக்கிறது. கொப்பி பரவட்டும் எண்டதுதான் அதன் தொழில்நுட்பம். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த தமிழ் பக்கப் அது.

ஒன்றைக் குழப்பாதீர்கள்: சிங்க் எண்டது பக்கப் இல்லை. கிளவுட்டோடு சிங்க் ஆகிற ஃபோல்டருக்குள் ஆர்எம் அடித்தால், அழிந்ததும் சேர்ந்தே சிங்க் ஆகும். அங்கே குப்பைத்தொட்டியில் ஒரு மாதமளவில் கிடக்கலாம். அதற்குள் உங்களுக்குத் தெரிய வேணும்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று கிழமை பிடித்தது. அதுவரைக்கும் வயர் பிழை எண்டே சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கிடையில் ஸ்காபரோவில் இருக்கிற மச்சாள், அதே சாமத்திய வீட்டு மச்சாள், தன்ர பழைய ஃபோனைத் தோண்டி ஒரு துண்டை எடுத்து அனுப்பியிருந்தா. 2020 இல் நானே அவவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது, 16 எம்பிக்குள் அடங்க நசுக்கினது. நாலு நிமிஷம். முகம் எல்லாம் சதுரம் சதுரமாக இருக்கு. சத்தம் இருக்கு.

அம்மா ஏசவில்லை. "எத்தினை நிமிஷம் மிச்சம்?" எண்டு கேட்டா. "நாலு." "அதில கதைக்கிறாவோ?" "ஓம், கிணத்தடியில. உங்களைத்தான் கேக்கிறா, எப்ப வருவாள் எண்டு." கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "சரி, போடு" எண்டா.

இப்போது அந்த நாலு நிமிஷமும், சத்தம் இல்லாத நாற்பது நிமிஷமும் மூன்று இடத்தில் இருக்கு: என் லப்டொப்பில், அப்பாவின் அலுமாரிக்குள் ஒரு டிஸ்க்கில், மச்சாள் வீட்டில். தைப்பொங்கலுக்கு ஒருமுறை மூன்றையும் திறந்து ஓடவிட்டுப் பார்க்கிறேன். கிட்லாப்பில் ஐந்து வழி இருந்தும் பக்கப்பை ஒருவரும் ஒழுங்காக ஓட்டிப் பார்க்கவில்லை எண்டதுதானே கதை. வேலையில், எதையும் உடனே ஆர்எம் செய்வதில்லை. எம்வியால் திகதி போட்ட ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தி முப்பது நாள் விடுவேன். கிளையண்ட் ஒருவர் "இதுக்கா உனக்கு நாட்கூலி?" எண்டு கேட்டார். பதினேழாவது நாள் அவரே வந்து ஒரு ஃபைலைத் திருப்பிக் கேட்டார்.

அடுத்த எபிசோடில் ஆர்சிங்க். அதிலும் டிலீட் எண்டு ஒரு ஒப்ஷன் இருக்கு, எந்தப் பக்கம் மூலம், எந்தப் பக்கம் கொப்பி எண்டதை மாற்றிக் கொடுத்தால் உங்கள் பக்கப்பே உங்களை அழிக்கும். அதைப் போட முதல் மைனஸ் என் போட்டு ஒத்திகை பார்ப்பது எப்படி எண்டு ஆறுதலாகக் கதைப்போம். அதற்கிடையில் உங்கள் வீட்டு லொஃப்டில் கசற் ஏதாவது கிடந்தால், எந்த வகை, எத்தனை எண்டு இந்த ஈமெயிலுக்கே பதில் போடுங்கள். என்னிடம் அந்தக் கப்சர் ஸ்டிக் இன்னும் இருக்கு. ஓடியோ வயரை நானே வந்து குத்தித் தருகிறேன்.